மூலக்கதையையும் நாடகத்தையும் சேர்த்துப் படிப்பது எப்படி: 'பாண்டோஸ்டோ'விலிருந்து 'தி வின்டர்ஸ் டேல்' வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எலிசபெத் காலத்து உரைநடை ரொமான்ஸ் ஒன்றையும் அதிலிருந்து எழுந்த மேடை நாடகத்தையும் அருகருகே வைத்துப் படித்து, முன்னது பின்னதாக எப்படி மாறியது என்று எழுதுவதற்கான செயல்முறை இது. பிரிவு, கடற்பயணம், மாறுவேடம், தொலைந்த பிள்ளை, நெடுநாள் கழித்துக் கூடுதல் என்று நீளும் கதைகளையே இங்கே ரொமான்ஸ் என்கிறேன். ஆங்கில இலக்கியம் பயிலும் முதுகலை மாணவர்களையும் சொந்த ஆர்வத்தால் படிப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

இந்த வேலையில் இறங்குவோர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். நாடகத்தை முதலில் படித்துவிட்டு, மூலக்கதையைப் புரட்டி, ஒத்துப்போகும் இடங்களில் அடிக்கோடிடுகிறார்கள். முடிவில் ஒற்றுமைகளின் பட்டியல் ஒன்று கிடைக்கிறது, அது எதையும் விளக்குவதில்லை. கதாசிரியர் தம் குரலில் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுவதை நடிகர் பார்வையாளர் முன் நின்று செய்துகாட்ட வேண்டியிருக்கும்போது கதையில் எது நிற்காமல் போகிறது, அந்த இடத்தில் நாடகாசிரியர் எதை வைக்கிறார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கீழே உள்ள படிகள் அந்தக் கேள்விக்காகவே இந்த வரிசையில் அமைந்துள்ளன. ராபர்ட் கிரீன் 1588இல் வெளியிட்ட 'பாண்டோஸ்டோ'வும் ஷேக்ஸ்பியரின் 'தி வின்டர்ஸ் டேல்' நாடகமும் முதன்மை எடுத்துக்காட்டு. இரண்டின் கதையும் ஏறத்தாழ ஒன்று: விருந்தாளியாக வந்த நண்பனான இன்னோர் அரசனோடு தன் அரசியைச் சேர்த்துச் சந்தேகிக்கும் ஓர் அரசன், பிறந்த பெண்குழந்தையைக் கைவிடச் செய்கிறான்; அரசி குற்றமற்றவள் என்கிறது அப்பொல்லோவின் தெய்வவாக்கு; இடையரிடம் வளரும் மகள் அந்த நண்பனின் மகனைக் காதலித்து, பதினாறு ஆண்டு கழித்துத் தந்தையிடம் வந்து சேர்கிறாள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மூலக்கதையின் முழுப் பிரதி வேண்டும், சுருக்கம் உதவாது. நாடகப் பதிப்புகளின் பின்னிணைப்பில் மூலக்கதையின் பகுதிகளை மட்டும் தருவது வழக்கம். அந்தப் பகுதிகளைத் தேர்ந்தவர் நாடகத்தோடு ஒத்துப்போகிறவற்றையே தேர்ந்திருப்பார். ஆகவே ஒவ்வாதவை, அதாவது நமக்கு வேண்டியவை, உங்கள் கண்ணுக்கே வராமல் போகும். 'பாண்டோஸ்டோ', தாமஸ் லாட்ஜ் எழுதிய 'ரோசலிண்ட்' என்ற உரைநடைக் கதை ஆகிய இரண்டுக்கும் 1907இல் வெளிவந்த பதிப்புகள் காப்புரிமைக் காலம் கடந்தவை. நூலக வசதி இருப்பவர்கள் ஜெஃப்ரி புல்லோ 1957 முதல் 1975 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ஷேக்ஸ்பியர் மூலங்களின் தொகுப்பை எடுக்கலாம்.

முதல் வாசிப்புக்குத் தற்கால எழுத்துக்கூட்டலில் உள்ள பிரதியே போதும். மூல அச்சின் படிமங்களில் 'எஸ்' எழுத்து 'எஃப்' போலத் தோன்றும். 'யூ'வும் 'வி'யும் இடம் மாறி நிற்கும். அவற்றோடு மல்லுக்கட்டுகிறவர் பத்தாம் பக்கத்திலேயே கதையைத் தவறவிடுவார். மேற்கோள் காட்டும் கட்டத்தில் மட்டும் மூல அச்சைச் சரிபாருங்கள்.

எந்த ஆண்டின் அச்சு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'பாண்டோஸ்டோ' பலமுறை அச்சேறிய நூல். தெய்வவாக்கு அரசன் வாரிசின்றி 'வாழ்வான்' என்பது முந்தைய அச்சுகளின் பாடம். 1607ஆம் ஆண்டு அச்சில் அது வாரிசின்றி 'இறப்பான்' என்று மாறிவிட்டது. நாடகத்தில் இருப்பது 'வாழ்வான்' என்பதே. ஷேக்ஸ்பியரின் மேசையில் பழைய அச்சு ஒன்று இருந்தது என்று சொல்ல இந்த ஒற்றைச் சொல் துணை நிற்கிறது.

நாடகத்துக்கு வரி எண் இட்ட பதிப்பு ஒன்று போதும். 'தி வின்டர்ஸ் டேல்' ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் திரட்டி 1623இல் வெளியிட்ட முதல் ஃபோலியோவில்தான் முதன்முதலாக அச்சானது. அச்சுக்கு அச்சு சொல் மாறும் பாடவேறுபாட்டுத் தொல்லை குறைவு. தொடக்கத்துக்கு இதை நான் பரிந்துரைக்க அதுவும் ஒரு காரணம்.

2. எந்த இணையை எடுப்பது

மூலம் நேரடியாகவும் ஒன்றாகவும் இருக்கும் இணையையே முதலில் எடுங்கள். கிரீனின் 'பாண்டோஸ்டோ', 1590இல் வெளிவந்த லாட்ஜின் 'ரோசலிண்ட்' ஆகியவை அப்படிப்பட்டவை. பின்னதிலிருந்து ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' எழுந்தது. இரண்டிலும் நாடகாசிரியர் கதைநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார் என்பதற்குச் சொல்லளவிலேயே சான்று உண்டு.

'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். பார்னபி ரிச் 1581இல் வெளியிட்ட கதைத்தொகுப்பில் உள்ள 'அப்பொலோனியஸும் சில்லாவும்' அதற்கு மூலம் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கதைக்குப் பின்னால் இத்தாலிய நாடகங்களும் அவற்றின் வழிவந்த கதைகளும் வரிசையாக நிற்கின்றன. 1602 பிப்ரவரியில் மிடில் டெம்பிள் என்ற லண்டன் சட்டக் கழகத்தில் நாடகத்தைப் பார்த்த ஜான் மானிங்ஹம் தம் நாட்குறிப்பில் அதற்கு மிக நெருக்கமானது என்று சொன்னதே ஓர் இத்தாலிய நாடகத்தைத்தான். எந்த மாற்றத்தை யார் செய்தார் என்று பிரிப்பதற்குள் புதியவர் களைத்துவிடுவார்.

பிலிப் சிட்னியின் 'ஆர்க்கேடியா'வை மூன்றாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நூல் மிகப் பெரியது. திருத்தி எழுதிய வடிவம் பாதி வாக்கியத்தில் நிற்கிறது. அதில் ஒரு சிறு கிளைக்கதை மட்டுமே 'கிங் லியர்' நாடகத்துக்குப் போயிருக்கிறது.

3. காலவரிசையை உறுதிசெய்தல்

படிக்கத் தொடங்குமுன் தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். கதை முந்தியது, நாடகம் பிந்தியது என்று தானாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜார்ஜ் வில்கின்ஸ் 1608இல் வெளியிட்ட பெரிக்ளிஸ் கதைநூலை 'பெரிக்ளிஸ்' நாடகத்துக்கு மூலமாக எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மேடையில் ஓடிய நாடகத்திலிருந்து எழுதப்பட்ட கதை. அதே கதைக்கு அதற்கு முந்தைய உரைநடை வடிவம் லாரன்ஸ் ட்வைனுடையது. வில்கின்ஸ் அதிலிருந்தும் தாராளமாக எடுத்துக்கொண்டார். ஆக, கதை மேடைக்குப் போய், மேடையிலிருந்து மறுபடியும் கதைநூலுக்கு வந்திருக்கிறது.

நம் இணைக்குத் தாளில் வர வேண்டியவை இவ்வளவே: 1588, கதை அச்சேறியது, 1592, கிரீன் இறந்தது, 1611 மே 15, சோதிடர் சைமன் ஃபோர்மன் குளோப் அரங்கில் நாடகத்தைப் பார்த்துக் குறிப்பெழுதியது, 1623, நாடகம் அச்சேறியது. கதைக்கும் நாடகத்துக்கும் நடுவே இருபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். அந்த இடைவெளியிலும் கதைநூல் மறுபடி மறுபடி அச்சாகி விற்றுக்கொண்டிருந்தது. ஆகவே கதையின் முடிவை அறிந்த வாசகர் சிலராவது அரங்கில் இருந்திருப்பர். இது ஏழாம் படியில் தேவைப்படும்.

கதைநூல்களிலிருந்து நாடகம் எழுதும் பழக்கம் ஷேக்ஸ்பியரோடு தொடங்கியதன்று. நாடக எதிர்ப்பாளர் ஸ்டீஃபன் காசன் 1582இலேயே, 'பேலஸ் ஆஃப் பிளெஷர்' என்ற கதைத்தொகுப்பு, ஹீலியோடோரஸ் என்ற கிரேக்கரின் எத்தியோப்பியக் கதை, 'அமாதிஸ்' என்ற வீரக்கதை, ஆர்தர் அரசனின் வட்டமேசைக் கதைகள் முதலியவற்றைக் குடைந்தெடுத்து லண்டன் நாடக அரங்குகளுக்குச் சரக்கு சேர்க்கிறார்கள் என்று குற்றம்சாட்டியிருக்கிறார். எதிரி தந்த சாட்சியம் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

4. நாடகத்தை மறந்து, கதையை முழுதாகப் படித்தல்

நாடகத்தை முன்பே அறிந்திருந்தாலும், இந்தப் படியில் அதைத் திறக்கக் கூடாது. நாடகம் மனத்தில் முன்னால் நின்றால், கதையின் அரசி பெல்லாரியாவை நாடகத்தின் ஹெர்மியோனியாகவும், கதையின் தொலைந்த மகள் ஃபானியாவை நாடகத்தின் பெர்டிட்டாவாகவும் வாசித்துவிடுவீர்கள். பெல்லாரியா கதையின் நடுவில் உண்மையாகவே இறந்துபோகிறாள், திரும்பி வருவதில்லை. 'எப்படியும் வருவாள்' என்ற நினைப்போடு படிப்பவருக்கு கிரீனின் கதையில் உள்ள கசப்பு தெரியாது.

கதையின் நடை உங்களைச் சோதிக்கும். ஜான் லிலியின் 'யூஃபியூஸ்' 1578இல் வெளிவந்த பிறகு, ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் அதே பாணியில் எழுதினார்கள்: எடைக்கு எடை நிற்கும் இணைத்தொடர்கள், அடுக்கடுக்கான மோனை, விலங்கு, கல், மூலிகை ஆகியவற்றைப் பற்றிய நம்பமுடியாத செய்திகளிலிருந்து எடுத்த உவமைகள். கிரீனும் இந்த நடையில்தான் எழுதுகிறார். வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் படிக்கும்போது சுமையாகத் தெரியும் இணைத்தொடர்கள் காதில் விழும்போது தாமே பிரிந்து நிற்கும்.

இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, பாத்திரங்கள் தமக்குள் வாதாடும் நீண்ட தனிமொழிகளைத் தாண்டிப் போவது. விருந்தாளி அரசன் எஜிஸ்டஸுக்கு நஞ்சிடும்படி அரசன் பாண்டோஸ்டோ ஏவியதும் பானம் பரிமாறும் ஃபிரானியன் தன்னோடு வாதிடுவதும், இடைப்பெண் மீது காதல் கொண்ட எஜிஸ்டஸின் மகன் இளவரசன் டொராஸ்டஸ் தன் குலத்தை எண்ணித் தன்னையே கடிந்துகொள்வதும் கதையை நகர்த்துவதில்லை என்று தோன்றும். அந்தக் காலத்து வாசகர் காசு கொடுத்து வாங்கியது பெரும்பாலும் இவற்றைத்தான் என்பது என் கணிப்பு. மேடைக்குப் போகும்போது மிகுதியாக உருமாறும் பகுதியும் இதுவே. ஒவ்வொரு தனிமொழியின் ஓரத்திலும் யார், எதற்கும் எதற்கும் இடையே தவிக்கிறார் என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

5. நிகழ்வுப் பட்டியல் தயாரித்தல்

இரண்டாம் வாசிப்பில், கதையை நிகழ்வு நிகழ்வாகப் பிரித்து எண் இடுங்கள். பாத்திரப் பட்டியலில் தொடங்காதீர்கள். 'பாண்டோஸ்டோ என்பவன் லியான்டஸ், ஃபிரானியன் என்பவன் கமில்லோ' என்று முதலிலேயே கோடு போட்டுவிட்டால், ஒருவர் செய்த வேலை இருவருக்குப் பிரிந்து போவதும் இருவர் வேலை ஒருவரிடம் சேர்வதும் மறைந்துவிடும். கிரீனின் கதையில் ஃபிரானியன் எஜிஸ்டஸோடு தப்பிச் சென்றதும் அவன் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. பின்பாதியில் காதலர் தப்பிச்செல்லக் கப்பல் ஏற்பாடு செய்வதும், அரண்மனைக்கு உண்மையைச் சொல்லப் புறப்பட்ட இடையன் போரஸைக் கப்பலேற்றிவிடுவதும் காப்னியோ என்ற பணியாளின் வேலை. நாடகத்தில் காப்னியோ இல்லை. பயண ஏற்பாடு கமில்லோவிடமும் இடையனைக் கப்பலேற்றுவது ஆட்டோலிகஸ் என்ற எத்தனிடமும் போய்ச் சேர்கின்றன. இதை நிகழ்வுப் பட்டியல் காட்டிக்கொடுக்கும். பாத்திரப் பட்டியல் காட்டாது.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் நான்கு செய்திகளைக் குறியுங்கள்: எங்கே நடக்கிறது, முந்தையதிலிருந்து எவ்வளவு காலம் கழிந்தது, யார் காரணம், யாருக்குத் தெரியும். மூன்றாவது கட்டத்தை நிரப்பும்போது கிரீனின் கதையில் 'விதி' என்ற சொல் அடிக்கடி வந்து விழுவதைக் காண்பீர்கள். குழந்தையைப் பாயும் சுக்கானும் இல்லாத படகில் தனியாக விட்டுக் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். காற்றும் கடலும் அதைச் சிசிலிக் கரையில் சேர்க்கின்றன. கதாசிரியருக்கு இது எளிது. மேடையில் ஆளில்லாப் படகைப் பின்தொடர முடியாது. ஆகவே நாடகத்தில் குழந்தையைக் கையில் ஏந்திக் கரைக்குக் கொண்டுவர ஆன்டிகோனஸ் என்ற மனிதர் வருகிறார். அவர் வந்துவிட்டதாலேயே வேறொரு சிக்கல் பிறக்கிறது: குழந்தை எங்கே விடப்பட்டது என்று அறிந்த சாட்சி ஒருவர் உயிரோடு இருந்தால் பதினாறு ஆண்டுப் பிரிவு நிற்காது. கரடி துரத்த அவர் ஓடுகிறார், கப்பலும் மூழ்குகிறது. அந்தக் கரடியைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் உண்டு. நான்காவது கட்டத்தை ஒழுங்காக நிரப்பியவருக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பது பாதி விளங்கியிருக்கும்.

6. நாடகத்தைப் படித்துப் பட்டியலோடு பொருத்துதல்

இப்போது நாடகத்தைத் திறந்து, பட்டியலின் ஒவ்வொரு நிகழ்வுக்கும் எதிரே ஐந்தில் ஒரு குறி இடுங்கள்: மேடையில் நடக்கிறது, இன்னொருவர் வாயால் சொல்லப்படுகிறது, இடம் மாறியிருக்கிறது, தடயமாக மட்டும் எஞ்சியிருக்கிறது, இல்லை. இரண்டாவது குறியையும் நான்காவது குறியையும் தவறவிடுவோர் பலர்.

தடயம் என்பதற்கு ஒரு சான்று. கிரீனின் கதையில் டொராஸ்டஸ் வல்லூறு வேட்டை முடிந்து திரும்பும் வழியில் ஃபானியாவை முதன்முதலாகப் பார்க்கிறான். பிறகு பக்கம் பக்கமாகக் காதல் வளர்கிறது. நாடகத்தில் இந்தப் பகுதி முழுவதும் திரைக்குப் பின்னால் முடிந்துவிட்டது. நான்காம் அங்கத்தில், டொராஸ்டஸின் இடத்தில் நிற்கும் ஃபுளோரிசெல் தன் வல்லூறு பெர்டிட்டாவின் தந்தை நிலத்தின் மேல் பறந்து சென்ற நேரத்தை வாழ்த்துகிறான். அந்த ஒரு வரிதான் மிச்சம். கதையைப் படிக்காதவருக்கு அது அலங்காரமாகவே தோன்றும்.

இன்னொரு தடயம் இதைவிடக் கூர்மையானது. கதையின் இறுதியில் பாண்டோஸ்டோ தன் மகள் என்று அறியாமலேயே ஃபானியா மீது ஆசை கொள்கிறான், டொராஸ்டஸைச் சிறையிலிட்டு அவளை வற்புறுத்துகிறான். உண்மை வெளிப்பட்டுத் திருமணமும் நடந்த பிறகு, பழையவற்றை எண்ணி மனம் சோர்ந்து தற்கொலை செய்துகொள்கிறான். ஷேக்ஸ்பியர் இதை நீக்கிவிட்டார் என்று எழுதுவது வழக்கம். ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியைப் பாருங்கள்: ஃபுளோரிசெலின் துணைவியைத் தனக்கே கேட்டுப் பெறுவேன் என்ற பொருளில் லியான்டஸ் ஒரு சொல் சொல்கிறான்; உடனே அரசியின் தோழி பாலினா, உங்கள் கண்ணில் இளமை மிகுந்துவிட்டது என்று அதட்டி, இறந்த அரசியை நினைவூட்டுகிறாள். முழு நிகழ்வு நான்கைந்து வரிகளுக்குள் சுருங்கி, தடுக்கும் ஆளோடு சேர்ந்து மேடைக்கு வந்திருக்கிறது. இதற்கு 'இல்லை' என்று குறியிட்டால் பாலினா அங்கே ஏன் நிற்கிறாள் என்ற கேள்வியே எழாது.

வரிசை மாற்றமே எல்லாவற்றிலும் மதிப்புள்ளது. இரண்டு நூல்களின் விசாரணைக் காட்சிகளையும் ஒரே தாளில் எதிரெதிரே எழுதிப் பாருங்கள். கிரீனில்: தெய்வவாக்கு வாசிக்கப்படுகிறது, பாண்டோஸ்டோ வெட்கி, அரசியிடம் மன்னிப்புப் பெற்றுத் தரும்படி பிரபுக்களை வேண்டுகிறான், அப்போது இளவரசன் காரின்டர் இறந்த செய்தி வருகிறது, அதைக் கேட்டு பெல்லாரியா விழுந்து இறக்கிறாள். நாடகத்தில்: தெய்வவாக்கு வாசிக்கப்படுகிறது, அதில் உண்மையே இல்லை என்று லியான்டஸ் மறுக்கிறான், விசாரணை தொடரட்டும் என்கிறான், அப்போது இளவரசன் மாமில்லியஸ் இறந்த செய்தி வருகிறது, அதன் பிறகே அவன் அப்பொல்லோவின் சினத்தை உணர்கிறான், ஹெர்மியோனி மயங்குகிறாள்.

நிகழ்வுகள் ஏறத்தாழ அவையே. மனமாற்றத்தின் இடம் மட்டும் ஒரு படி பின்னே நகர்ந்திருக்கிறது. கிரீனில் மனம் திருந்திவிட்ட ஒருவன் மீது காரணமின்றி இடி விழுகிறது, அதாவது விதி. நாடகத்தில் மறுப்புக்கு மறுவரியிலேயே பதில் வருகிறது. பார்வையாளர் அதைத் தண்டனையாக அல்லாமல் வேறு எதுவாகவும் எடுத்துக்கொள்ள வழியில்லை. ஓர் உள்மாற்றத்தை நடிகர் வெளியே காட்ட வேண்டுமென்றால், அதை எதன் மீதேனும் மோதவிட வேண்டும். அந்த மோதலை இந்த வரிசை தருகிறது. உங்கள் கட்டுரையின் நடுப்பகுதி இப்படி ஒரு காட்சியைச் சுற்றி அமையட்டும்.

பொறாமையின் வேகத்தையும் இதே முறையில் ஒப்பிடலாம். கிரீன் காரணம் சேர்க்கிறார்: விருந்தினருக்குக் குறை ஏதும் நேராதிருக்க பெல்லாரியா எஜிஸ்டஸின் படுக்கையறைக்கே அடிக்கடி போய்ப் பார்க்கிறாள், இருவரும் தோட்டத்தில் உலவுகிறார்கள், சந்தேகம் நாளடைவில் வளர்கிறது. நாடகத்திலோ முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் நூறு வரிகளைச் சற்றே தாண்டியதும் லியான்டஸ் பற்றியெரிகிறான். இதை 'ஷேக்ஸ்பியர் காரணத்தை விட்டுவிட்டார்' என்று குறையாக எழுதுமுன், அந்த நூறு வரிகளில் ஹெர்மியோனி எங்கே நிற்கிறாள், யாருக்குக் கை கொடுக்கிறாள் என்று படித்துப் பாருங்கள். கதையில் பத்தி செய்த வேலையில் ஒரு பங்கை மேடையில் கை செய்கிறது.

7. கதையில் இல்லாதவற்றுக்கு வேலை கண்டுபிடித்தல்

பாலினா, ஆட்டோலிகஸ், கரடி, மேடையில் வந்து பேசும் 'காலம்', சிலைக் காட்சி ஆகியவை கிரீனில் இல்லை. இவற்றை 'ஷேக்ஸ்பியரின் கற்பனைவளம்' என்ற தலைப்பில் குவித்துவிடுவது வசதியான சோம்பல். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது இல்லாவிட்டால் பட்டியலில் எந்த எண் மேடையில் நிற்காது என்று எழுதுங்கள்.

'காலம்' என்ற பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்குப் பதினாறு வயதாயிற்று என்று கிரீன் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார். மேடையில் அதைச் செய்வதைச் சிட்னி, அவர் இறந்த பிறகு 1595இல் அச்சான கவிதை பற்றிய நூலில் கேலி செய்திருந்தார்: இளவரசனும் இளவரசியும் காதலிக்கிறார்கள், குழந்தை பிறக்கிறது, தொலைகிறது, வளர்ந்து ஆளாகித் தானும் காதலிக்கத் தயாராகிறது, எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள். இந்தக் குற்றச்சாட்டு அனைவரும் அறிந்ததாக இருந்த காலத்தில், ஷேக்ஸ்பியர் இடைவெளியை மறைக்காமல், காலத்தையே ஆளாக்கி மேடையில் நிறுத்துகிறார். கிரீனின் நூலுக்குத் துணைத்தலைப்பே 'காலத்தின் வெற்றி' என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். முகப்புப் பக்கத்தில் இருந்த கருத்து நாடகத்தில் நடந்து வருகிறது.

சிலைக் காட்சிக்கு மூன்றாம் படியில் எழுதிய தாள் தேவை. கதையில் பெல்லாரியா இறந்தேவிட்டாள். நூலை அறிந்த பார்வையாளர் ஹெர்மியோனியும் இறந்தாள் என்றே நம்பியிருப்பார், பாலினாவின் சொல்லும் அதையே உறுதிப்படுத்துகிறது. தந்தையும் மகளும் சேரும் காட்சியை, கதையை அறிந்தவர்கள் எதிர்பார்த்திருந்த அதே காட்சியை, நாடகம் சில கனவான்களின் பேச்சாகச் சொல்லி முடித்துவிட்டு, யாரும் எதிர்பாராததை மேடையில் வைக்கிறது. ஆறாம் படியின் இரண்டாவது குறியை ஒழுங்காக இட்டவர்களுக்குத்தான் இந்தப் பரிமாற்றம் தெரியும். ஃபோர்மனின் குறிப்பில் சிலை பற்றிய பேச்சே இல்லை என்பது உண்மை. அதை வைத்து 1611இல் சிலைக் காட்சி இருக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அவர் கரடியையும்தான் குறிப்பிடவில்லை.

8. சொல்லளவிலான ஒப்பீடு

இதைக் கடைசிக்கு ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. சொல் ஒற்றுமை கண்டுபிடிப்பது இனிப்பான வேலை. முதலில் தொடங்கினால் அதிலேயே நின்றுவிடுவோம்.

விசாரணையில் பெல்லாரியா, மனிதர் செயல்களைத் தெய்வ சக்திகள் அறியுமென்றால், ஐயமின்றி அறியும், தன் பொறுமை விதியையே நாணச் செய்யும் என்கிறாள். ஹெர்மியோனியும் தெய்வ சக்திகள் மனிதர் செயல்களைக் காணுமென்றால், காண்கின்றன, என்று அதே வளைவில் தொடங்குகிறாள். ஆனால் நாணப்போவது பொய்க் குற்றச்சாட்டு, பொறுமையின் முன் நடுங்கப்போவது கொடுங்கோன்மை. வாக்கியத்தின் எலும்புக்கூடு கிரீனுடையது. விதி இருந்த இடத்தில் எதிரே அமர்ந்திருக்கும் அரசன் வந்துவிட்டான். ஒற்றுமையைக் குறித்ததோடு நிற்காமல், மாறிய சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எல்லா ஒற்றுமையும் கடனன்று. ஜூபிடர் காளையானான், நெப்டியூன் கடாவானான், அப்பொல்லோ இடையனானான் என்று இரு நூல்களிலும் காதலன் சொல்கிறான். மூன்று பெயரும் ஒரே பேச்சில், மாறுவேடத்துக்கு நியாயமாக வருவதால் இதைக் கடன் என்று உறுதியாகச் சொல்லலாம். தனித்து வரும் புராண உவமை ஒன்றை வைத்து அப்படிச் சொல்ல முடியாது; அது அந்தக் காலத்துப் பள்ளிப்பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த பொதுச்சொத்து. கேலிக்காக எடுத்தாளுவதும் உண்டு. 'ஹென்றி தி ஃபோர்த்' முதல் பகுதியில் அரசனாக நடிக்கும் ஃபால்ஸ்டாஃப், கேமமைல் செடி மிதிக்க மிதிக்கத் தழைக்கும், இளமையோ வீணாக்க வீணாக்கத் தேயும் என்று முழங்குவது லிலியின் நடையைப் பழிப்புக் காட்டுவதாகும்.

9. வேறோர் இணையில் சோதித்தல்

ஒரே இணையிலிருந்து பொதுவிதி எழுதக் கூடாது. 'ரோசலிண்ட்' கதையின் முடிவில் போர் நடந்து, ஆட்சியைப் பறித்த டாரிஸ்மண்ட் கொல்லப்படுகிறான். 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ஃபிரெடரிக் துறவி ஒருவரைச் சந்தித்து மனம் மாறிவிட்டதாகச் செய்தி மட்டும் வருகிறது. இங்கே மாற்றம் எதிர்த்திசையில் போகிறது: செயல் குறைந்து, ஜாக்வஸ், டச்ஸ்டோன் போன்ற புதியவர்களின் பேச்சு கூடுகிறது. 'நாடகம் என்றால் செயலைக் கூட்டும்' என்று எழுதி வைத்திருந்தால், இங்கே அடித்துவிட நேரும்.

'ஆர்க்கேடியா'வில் பார்வையிழந்த பாப்லகோனிய அரசன் பாறையிலிருந்து குதிக்க விரும்பி, தன்னை உச்சிக்கு அழைத்துப் போகும்படி நல்ல மகன் லியோனாட்டஸை வேண்டுகிறான், மகன் மறுத்துவிடுகிறான். இதெல்லாம் வழியில் சந்தித்த இளவரசர்களுக்குத் தந்தையும் மகனும் சொல்லும் கதை. 'கிங் லியர்' நாடகத்தில் எட்கர் மறுப்பதில்லை; தான் மகன் என்பதை மறைத்து, டோவர் பாறை உச்சி இதுதான் என்று சமதரையில் தந்தையை நிறுத்திக் குதிக்கவிடுகிறான். மறுத்துவிட்டதாகச் சொல்லப்படும் செய்கை மேடைக்குப் பயன்படாது. நடக்காத செய்கையை நடப்பதாக நம்பவைப்பது மேடைக்கே உரிய தொழில். வெற்று மேடையில் வசனத்தாலேயே பாறையைக் கட்டிக்காட்டிய காலம் அது என்பதையும் நினைவில் வையுங்கள்: பார்வையாளருக்கும் அங்கே பாறை தெரியப்போவதில்லை.

10. எழுதும்போது

கதைச்சுருக்கத்தில் தொடங்காதீர்கள், ஒரு மாற்றத்தில் தொடங்குங்கள். தெய்வவாக்குக் காட்சியின் வரிசை மாற்றம் முதல் பத்தியில் வந்தால், சுருக்கத்தில் தேவையானது தானே பின்னால் வந்து சேரும்.

'ஷேக்ஸ்பியர் கிரீனை மேம்படுத்தினார்' என்ற வாக்கியத்தை எழுத வேண்டாம். கிரீனின் நூல் நாடகத்தின் முன்வரைவன்று. அதற்கெனத் தனி வாசகர் இருந்தனர், தனி இலக்கணம் இருந்தது. தற்கொலையில் முடியும் அந்தக் கதையின் குரூரத்தை நாடகம் தாங்கிக்கொள்ளவில்லை என்றுகூட ஒருவர் வாதிடலாம். எனக்கு அந்த வாதத்தில் பாதி உடன்பாடு உண்டு.

புவியியல் பிழையை ஷேக்ஸ்பியர் தலையில் கட்டுவதையும் தவிருங்கள். பொஹீமியாவுக்குக் கடற்கரை உண்டாக்கியதை அவர் காலத்து நாடகாசிரியர் பென் ஜான்சன் கேலி செய்தது உண்மைதான். ஆனால் கிரீனிலேயே எஜிஸ்டஸ் கப்பலில்தான் பொஹீமியா வருகிறான். தெய்வவாக்குத் தலமான டெல்ஃபோஸைத் தீவு என்பதும் இரு நூல்களுக்கும் பொது. இரண்டு நாடுகளையும் இடம் மாற்றி, பொறாமைக்கார அரசனைச் சிசிலிக்கு அனுப்பியதுதான் ஷேக்ஸ்பியரின் வேலை. அதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் பல. எதுவும் மற்றதை வெல்லவில்லை. இப்படிக் காரணம் பிடிபடாத மாற்றங்கள் உங்கள் பட்டியலிலும் சில மிஞ்சும். அவற்றுக்கு வலிந்து பொருள் கற்பிக்காமல், மாற்றத்தை மட்டும் பதிவுசெய்து, விளக்கம் காணப்படாதவை என்று கட்டுரையின் கடைசிப் பத்தியில் தனியாக நிறுத்திவிடுங்கள்.